திறப்பது எளிது, மூடுவதுதான் பாடு

நான்கு-ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள் இஞ்சினில் வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரும், எப்போது மூடும் என்ற மூன்றையும் கேம்ஷாஃப்ட்தான் முடிவு செய்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் இந்தத் தண்டு ஒரு சுற்று சுற்றும். அதன்மேல் ஒருபக்கமாகப் புடைத்திருக்கும் கேம், டாப்பெட்டையோ ராக்கரையோ தள்ளி வால்வைத் திறக்கிறது. புடைப்பு கடந்து போனதும் ஸ்பிரிங் வால்வைத் தள்ளி மூடுகிறது. திறக்கும்போது இரும்பை இரும்பு தள்ளுகிறது. வால்வுக்கு வேறு வழி கிடையாது. மூடும்போது எல்லாமே ஸ்பிரிங்கை நம்பித்தான் இருக்கிறது. ரேஸ் இஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் வளர்ந்த கதையில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வேலையைப் பற்றியதே.

வேகத்தைக் கணக்கிட்டால் சிக்கல் விளங்கும். நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 58 முறை திறந்து மூடுகிறது. கிராங்க் சுழற்சியில் 300 டிகிரி நேரம் திறந்திருக்கும்படி கேம் அமைந்திருந்தால், ஒரு திறப்பு தொடங்கி முடிய ஒரு நொடியில் 140-ல் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் வால்வு ஓய்விலிருந்து கிளம்பி, வேகமெடுத்து, உச்சியில் நின்று, திரும்பி வந்து, தன் இருக்கையில் மெதுவாக உட்கார வேண்டும். ஸ்பிரிங் பலம் போதாவிட்டால் டாப்பெட் கேமை விட்டு எகிறி அந்தரத்தில் நிற்கும். வால்வு தாமதமாக வந்து இருக்கையில் அடித்துத் துள்ளும். மேலே வரும் பிஸ்டன் அதை முட்டினால் இஞ்சினின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ரேஸ் கேம் என்பது வால்வைச் சீக்கிரம் திறந்து, நேரம் கழித்து மூடுவது. வேகமாக ஓடும் காற்றுக்கும் எடை உண்டு, உந்தமும் உண்டு. உறிஞ்சும் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் கலவை சிலிண்டருக்குள் வந்துகொண்டே இருக்கும். இன்லெட் வால்வைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் அந்த உந்தத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்லெட் திறந்துவிட்டால், வெளியேறும் புகை தன் பின்னால் புதுக் கலவையை இழுத்து வரும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இந்தக் கட்டம் சாதாரண வண்டியில் சில பத்து டிகிரி; ரேஸ் வண்டியில் 100 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. இதற்குக் கொடுக்கும் விலை குறைந்த வேகத்தில் தெரியும். மெதுவாக ஓடும்போது காற்றுக்கு உந்தம் இருக்காது. உள்ளே வந்த கலவை கார்புரேட்டர் வழியாகவே திரும்பிப் போகும். ரேஸ் கேம் போட்ட வண்டி சந்து பொந்துகளில் திணறுவது இதனால்தான்.

தொடக்க கால மோட்டார்சைக்கிள்களில் இன்லெட் வால்வுக்குக் கேமே கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சுதலே மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை மீறி வால்வைத் திறந்தது. வேகம் கூடியதும் இந்த ஏற்பாடு தள்ளாடியது. 1900-களின் முதல் பத்தாண்டுக்குள் இரண்டு வால்வுகளும் கேமின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1907-ல் இங்கிலாந்தில் சர்ரேயில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவில் டிடி பந்தயமும் தொடங்கியது. இஞ்சினின் திறமையை அளந்து பார்க்க இரண்டு களங்கள் கிடைத்தன. ஒன்று சரிந்த கான்கிரீட் சுவர்மேல் முழு வேகத்தில் ஓடுவது. மற்றது மலைப்பாதையில் ஏறி இறங்குவது. முதலாவதில் உச்ச வேகச் சக்தி மட்டும் இருந்தால் போதும். இரண்டாவதில் வளைவுக்கு வளைவு எழும்பி வரும் இழுவையும் வேண்டும். ஒரே கேம் இரண்டுக்கும் ஒத்துவராது என்பதை ட்யூனர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

அந்தக் காலத்து ட்யூனரின் கருவி அரமும் எண்ணெய்க் கல்லும்தான். கேமின் மூக்கை அகலமாக்குவது, பக்கச் சரிவைச் செங்குத்தாக்குவது, ஓட்டிப் பார்ப்பது, மறுபடி அரத்தை எடுப்பது. நார்ட்டன் நிறுவனத்துக்காக புரூக்லண்ட்ஸில் வேலை பார்த்த டான் ஓ'டோனவன் இந்தக் கலையில் பெயர் எடுத்தவர். அவரை மந்திரவாதி என்றே அழைத்தார்கள். 490 சிசி சைடுவால்வு இஞ்சின்களை அவர் ஒரே சோதனைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக மாட்டித் தடத்தில் ஓட்டுவார். குறித்த வேகத்தைத் தொட்டவை சான்றிதழோடு விற்கப்பட்டன: ஒரு ரகத்துக்கு மணிக்கு 70 மைல், இன்னொன்றுக்கு 75 மைல். ரேஸுக்குச் செதுக்கிய இஞ்சினைக் காசு கொடுத்து வாங்கலாம் என்ற எண்ணம் மோட்டார்சைக்கிள் உலகில் வேரூன்றியது இத்தகைய விற்பனையால்தான்.

வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்ற வரை பெரிய சிக்கல் எழவில்லை. அவற்றை ஹெட்டுக்கு மேலே கொண்டுபோனதும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே நீண்ட புஷ்ராடும் ராக்கரும் வந்து சேர்ந்தன. இவை எல்லாம் எடை; எடை கூடக் கூட ஸ்பிரிங்கின் பாடு திண்டாட்டம். புஷ்ராட் கொஞ்சம் வளைந்தாலும் கேமில் வெட்டிய வடிவம் ஒன்று, வால்வுக்குப் போய்ச் சேரும் அசைவு வேறொன்று. கேம்ஷாஃப்ட்டையே தூக்கி ஹெட்டின் மேல் வைத்துவிட்டால் புஷ்ராடுக்கு வேலையில்லை. பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 1914-க்குள் இரட்டை மேல்நிலைக் கேம்ஷாஃப்ட் கொண்ட 500 சிசி ரேஸ் மோட்டார்சைக்கிளைச் செய்துவிட்டது. அது காலத்தை மிஞ்சிய வண்டி. யாரும் அதைத் தொடரவில்லை. பத்தாண்டு கழித்து, 1924-ல், டூகல் மார்சண்ட் ஒரு பிளாக்பர்ன் இஞ்சினை மேல்நிலைக் கேமுக்குத் தானே மாற்றியமைத்து, சேட்டர்-லீ வண்டியில் மாட்டி ஓட்டினார். 350 சிசி வகுப்பில் மணிக்கு 100 மைலை முதலில் தாண்டிய வண்டி அது.

பெர்மிங்காமில் இருந்த வெலோஸ் நிறுவனம் அடுத்த படியை எடுத்தது. அதன் வண்டிகளின் பெயர் வெலோசெட். குடும்பத் தொழிலை நடத்திய பெர்சி குட்மேன் 1924-25-ல் 348 சிசி மேல்நிலைக் கேம் இஞ்சின் ஒன்றை வரைந்தார். சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 81. கிராங்கிலிருந்து பெவல் பல்சக்கரங்களும் நிமிர்ந்த தண்டும் வழியாகச் சுழற்சி மேலே போனது. 350 சிசி வகுப்புக்கான 1925 ஜூனியர் டிடியில் இறங்கிய வெலோசெட்டுகளில் ஒன்றுகூட முடிவுக்கோட்டைத் தொடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வெலோஸ் பட்டறையில் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கு ஒன்று வந்து சேர்ந்தது. நொடிக்குப் பலமுறை மின்னும் விளக்கு அது. இஞ்சினின் வேகத்தோடு மின்னலை ஒத்திசைய வைத்தால், சுழலும் உறுப்பு அசையாமல் நிற்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும். மின்னலைச் சற்றே பிசகவைத்தால் அதே உறுப்பு மிக மெதுவாக நகர்வதுபோலத் தோன்றும். இருட்டறையில் ஓடும் இஞ்சின்மேல் அந்த ஒளியை விழவைத்து வால்வுகளையும் ஸ்பிரிங்குகளையும் பார்த்தார்கள். காகிதத்தில் வரைந்தபடி அவை நடக்கவில்லை. ராக்கர் கேமின் சரிவைப் பின்பற்றாமல் எகிறியது. வால்வு மூடிய பிறகும் துள்ளியது. அதுவரை உடைந்த துண்டுகளை வைத்து ஊகித்துவந்த ஒரு நோயை அவர்கள் கண்ணால் கண்டார்கள். மோட்டார்சைக்கிள் தொழிலில் இந்த விளக்கை இப்படிப் பயன்படுத்தியவர்களில் அவர்களே முன்னோடிகள். கேமின் வடிவம் திருத்தப்பட்டது. 1926 ஜூனியர் டிடியில் அலெக் பென்னெட் வெலோசெட்டில் 10 நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். டிடி வரலாற்றில் அவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். 1928-ல் அவரே மறுபடி ஜூனியர் கோப்பையை எடுத்தார். 1929-ல் ஃபிரெடி ஹிக்ஸ். அந்த ஆண்டிலிருந்து கேடிடி என்ற பெயரில் அந்த ரேஸ் வண்டி பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது.

ஸ்பிரிங்கும் மாறியது. சுருள் ஸ்பிரிங்குகள் அன்றைய எஃகில் அடிக்கடி உடைந்தன. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுருளுக்குள்ளேயே அலை எழுந்து, ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும். அதனால் 1920-களின் பிற்பகுதியில் ரேஸ் இஞ்சின்கள் கொண்டை ஊசி வடிவ ஸ்பிரிங்குக்கு மாறின. தடித்த கம்பியை வளைத்து, அதன் சுருள் வால்வின் சூட்டிலிருந்து விலகிக் காற்றில் நிற்கும்படி அமைப்பார்கள். அசையும் எடை குறைவு, உள்ளலையும் குறைவு. மழையிலும் புழுதியிலும் அவை வெட்டவெளியில் நின்றது பார்க்க அழகில்லைதான். ஆனால் உடைந்தால் மாற்ற அதிக நேரம் பிடிக்காது.

நார்ட்டன் இதே பாதையில் இன்னும் நீண்ட தூரம் போனது. வால்டர் மூர் வரைந்த சிஎஸ்1 என்ற மேல்நிலைக் கேம் இஞ்சின், 79-க்கு 100 மில்லிமீட்டர் அளவில், 500 சிசி வகுப்புக்கான 1927 சீனியர் டிடியை முதல் முயற்சியிலேயே வென்றது. ஓட்டியவர் அதே பென்னெட். மூர் 1929-ல் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்துக்குப் போய், ஏறக்குறைய அதே தோற்றத்தில் ஓர் இஞ்சினை அங்கே செய்தார். என்எஸ்யூ என்றால் நார்ட்டனின் உதிரிபாகங்களைப் பயன்படுத்தியது என்று ஆங்கிலத்தில் கேலிப் பெயர் விரித்தார்கள். நார்ட்டனில் ஆர்தர் கேரோல் 1930-ல் இஞ்சினைப் புதிதாக வரைந்தார். ஜோ கிரெய்க் அதை வளர்த்தெடுத்தார். 1931 முதல் 1938 வரை நடந்த எட்டு சீனியர் டிடிகளில் ஏழில் நார்ட்டன் வென்றது. 1935-ல் மட்டும் ஸ்டான்லி வுட்ஸ் மோட்டோ குஸ்ஸியில் நான்கு நொடி வித்தியாசத்தில் அதை முந்தினார்.

கிரெய்க்கின் முறையில் மாயம் எதுவும் கிடையாது. குளிர்காலம் முழுக்க இஞ்சினைச் சோதனைப் பீடத்தில் ஓட்டுவார். சின்னச் சின்ன மாற்றங்களாகச் செய்து அளந்து பார்ப்பார். கேமை மாற்றினால் எக்ஸாஸ்ட் குழாயின் நீளம் ஒத்துவராமல் போகும். குழாயை மாற்றினால் கார்புரேட்டர் ஒத்துவராது. 1930-களில் குழாயின் முனையில் மெகாஃபோன் வடிவக் கூம்பு வந்தபோது இந்த உறவு இன்னும் இறுகியது. கூம்பிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலை, இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் கட்டத்தில் சிலிண்டரை உறிஞ்சிவிடும். சரியான வேகத்தில் அது வரம். அதற்குக் கீழே சாபம். அலை தவறான நேரத்தில் வந்து புகையை உள்ளே திருப்பித் தள்ளும். ஓட்டுநர்கள் கிளட்சை நழுவவிட்டு அந்த இடைவெளியைக் கடந்தார்கள்.

1937-ல் நார்ட்டனின் தொழிற்சாலை அணி வண்டிகள் இரட்டைக் கேம்ஷாஃப்ட்டுக்கு மாறின. இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று, ராக்கரே தேவையில்லை. அசையும் எடை மேலும் இறங்கியது. போருக்குப் பிறகு, 1949 முதல், மான்க்ஸ் என்ற பெயரில் விற்ற வண்டியிலும் இந்த அமைப்பு வந்தது. நிமிர்ந்த தண்டின் உச்சியிலிருந்து சிறு பல்சக்கர வரிசை ஒன்று இரண்டு கேம்களையும் சுழற்றும். 1954-ல் 500 சிசி மான்க்ஸின் அளவு 86-க்கு 85.6 மில்லிமீட்டர் ஆனது. ஸ்ட்ரோக் குறைந்தால் பிஸ்டனின் வேகம் குறையும். அதே பிஸ்டன் வேகத்தில் இஞ்சின் அதிகச் சுற்று போகலாம். அந்தச் சுற்றுகளைத் தாங்க வால்வுத் தொகுதி தயாராக இருந்ததால்தான் அந்த மாற்றம் பலித்தது. மான்க்ஸ் இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது பொறுமைக்குச் சோதனை: ஒவ்வொரு பெவலுக்கும் மெல்லிய தகடுகளை வைத்து, பற்கள் இறுகாமலும் தளராமலும் கடிக்கும்வரை திரும்பத் திரும்பப் பிரித்துச் சேர்க்க வேண்டும். பிரான்சிஸ் பேர்ட், ஸ்டீவ் லான்ஸ்ஃபீல்ட் போன்ற ட்யூனர்கள் இந்தப் பொறுமையைத் தொழிலாகவே கொண்டவர்கள்.

ஏஜேஎஸ் நிறுவனம் பெவலுக்குப் பதில் சங்கிலியை நம்பியது. 1948-ல் வந்த 7ஆர் என்ற 350 சிசி வண்டியில் கேம்ஷாஃப்ட்டைச் சங்கிலி சுழற்ற, வெல்லர் வகை இழுப்பான் அதை இறுக்கிப் பிடித்தது. செலவு குறைவு. சங்கிலி நீண்டால் டைமிங் பிந்தும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

தொழிற்சாலை அணிக்கு வெளியே, சம்பளத்தில் மிச்சம்பிடித்து வண்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட்டியவர்களுக்கு மேல்நிலைக் கேம் எட்டாக்கனி. அவர்கள் கையில் இருந்தது புஷ்ராட் இஞ்சின். கேம் மாற்றும் கலை உண்மையில் பரவியது இவர்களிடம்தான். பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் அதற்குச் சரியான உதாரணம். 1937-ல் வால் ஹேண்ட்லி பிஎஸ்ஏ வண்டியில் புரூக்லண்ட்ஸைச் சராசரி 100 மைலுக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, அந்தச் சாதனைக்குத் தரப்படும் தங்க நட்சத்திரப் பதக்கத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு அந்தப் பெயரிலேயே வண்டி வந்தது. போருக்குப் பின் அது ஒரு வண்டியாக இல்லாமல் ஒரு பட்டியலாக ஆனது. சாலைக்கு, மலையேற்றச் சோதனைக்கு, மண்தடப் பந்தயத்துக்கு, கிளப்மேன் ரேஸுக்கு என்று வாங்குபவர் தன் தேவையைச் சொன்னால் அதற்கேற்ற கேம், பிஸ்டன், கார்புரேட்டர், கியர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்து பூட்டித் தருவார்கள். இஞ்சினைச் சோதனைப் பீடத்தில் ஓட்டி எடுத்த சக்தி அளவும் வண்டியோடு வரும்.

இந்தப் பொருத்தம்தான் கோல்ட் ஸ்டாரின் வெற்றிக்குக் காரணம். 1949 முதல் 1956 வரை ஜூனியர் கிளப்மேன் டிடியை வேறெந்த வண்டியும் வெல்லவில்லை. ஒரே வண்டியின் ஊர்வலமாகிவிட்ட அந்தப் பந்தயமே பிறகு நிறுத்தப்பட்டது. 499 சிசி டிபிடி34 மாடலில் ரேஸ் கேமோடு ஒன்றரை அங்குல அமால் கார்புரேட்டரும் நெருக்கமான கியர்பெட்டியும் சேர்ந்தன. முதல் கியரிலேயே மணிக்கு ஏறத்தாழ 60 மைல் போகும். சிக்னலில் நின்று கிளம்புவதற்குள் கிளட்ச் புகைந்துவிடும். சிலிண்டர் அலுமினியக் கலவையில் வந்தபின் புஷ்ராடும் டியூரலுமினில் வந்தது. எடை குறைவு என்பது ஒரு பக்கம். சூட்டில் சிலிண்டர் நீளும்போது இரும்புப் புஷ்ராட் அதே அளவு நீளாது. டாப்பெட் இடைவெளி விரியும். கேமின் டைமிங்கே மாறிப்போகும். உலோகம் ஒன்றானதும் இடைவெளி நிலைத்தது.

டிரையம்ஃபின் வழி வேறு. எட்வர்ட் டர்னர் 1937-ல் தந்த ஸ்பீட் ட்வின் இரட்டைச் சிலிண்டர் இஞ்சினில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கேம்ஷாஃப்ட்டுகள் கீழே இருந்தன. ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றலாம். ட்யூனருக்கு இதைவிட வசதி வேறில்லை. 1951-ல் டைகர் 100 வண்டிக்கு ரேஸ் கிட் என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. கேம்கள், வலுவான ஸ்பிரிங்குகள், உயர் அழுத்தப் பிஸ்டன்கள், இரட்டைக் கார்புரேட்டர் எல்லாம் அதில் இருக்கும். ரேஸுக்கான இ3134 என்ற கேம் எண்ணை டிரையம்ஃப் மெக்கானிக்குகள் இன்றும் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். கேமோடு சரியான டாப்பெட்டும் வேண்டும் என்பது இங்கே நன்றாகப் புலப்பட்டது. டாப்பெட்டின் அடி தட்டையாக இல்லை, வளைந்தது. முக்கால் அங்குல ஆரத்துக்குப் பதில் ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு நூல் குறைந்த, அதாவது 1⅛ அங்குல ஆரமுள்ள ரேஸ் டாப்பெட்டை வைத்தால், அதே கேம் வால்வை இன்னும் விரைவாகத் தூக்கும், கூடுதல் நேரம் திறந்து வைக்கும். கேமை மாற்றாமலே கேமை மாற்றியதற்குச் சமம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் டாம் சிஃப்டன் என்ற ட்யூனர், ஹார்லி-டேவிட்சனின் 750 சிசி சைடுவால்வு ரேஸ் இஞ்சின்களுக்குத் தானே கேம் வடித்தார். அவர் தயாரித்த வண்டியில் ஜோ லெனர்ட் 1954-ல் தேசிய சாம்பியன் ஆனார். நியூசிலாந்தின் இன்வர்கார்கிலில் பர்ட் மன்ரோ 1920 மாடல் இந்தியன் ஸ்கவுட் ஒன்றை வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருந்தார். அந்தச் சைடுவால்வு இஞ்சினை மேல்நிலை வால்வுக்கு மாற்றி, இரண்டு கேம்களை நான்காக்கி, பாகங்களைக் கையாலேயே செதுக்கினார். 1967-ல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் அது மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓடியது. கணக்கும் கருவியும் வளர்ந்த பிறகும் அரத்துக்கு மரியாதை இருந்தது என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அவர் உடைத்த இஞ்சின்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் இத்தாலியின் டுகாட்டி நிறுவனத்து ஃபாபியோ தலியோனி. திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம் என்ற டெஸ்மோட்ரோமிக் முறை பழைய யோசனை. 1954-ல் மெர்சிடிஸ் ரேஸ் கார் அதைப் பயன்படுத்தியது. 1956-ல் தலியோனி 125 சிசி இஞ்சினில் மூன்று கேம்ஷாஃப்ட்டுகளோடு அதை மோட்டார்சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஸ்வீடன் கிராண்ட் பிரியில் ஜியான்னி டெக்லி அந்தோனி முதல் ஓட்டத்திலேயே வென்றார். வால்வு எகிறும் பயம் போய்விட்டதால், ஓட்டுநர் தவறான கியருக்கு இறங்கிச் சுற்று எல்லை மீறினாலும் இஞ்சின் பிழைத்தது. பிற நிறுவனங்கள் பின்தொடராததற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளிகளை நூலிழை அளவுக்குச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் ஸ்பிரிங் எஃகும் கேம் கணிதமும் மேம்பட்டுவிட்டன. வட்ட வளைவுகளை ஒட்டவைத்து வரைந்த கேம்களின் இடத்தில், வால்வின் முடுக்கம் எங்கும் திடீரென்று தாவாதபடி கணக்கிட்ட வடிவங்கள் 1950-களில் வரத் தொடங்கின.

பழைய இஞ்சினில் ரேஸ் கேமைப் பொருத்தும் முறை இந்த அனுபவங்களிலிருந்து படிந்து வந்தது. பல்சக்கரத்தில் உள்ள புள்ளிகளைச் சேர்த்துவிட்டால் போதும் என்பது சாலை வண்டிக்கு. கேம் சக்கரத்தில் 50 பற்கள் என்றால் ஒரு பல் மாறினால் கிராங்கில் 14.4 டிகிரி மாறும். ரேஸ் டைமிங்குக்கு இது மிகப் பெரிய தாவல். அதனால்தான் டிரையம்ஃப் கேம் சக்கரத்தில் சாவிப் பள்ளம் மூன்று இருந்தது. எதில் மாட்டுவது என்று மாற்றிப் பார்த்து ஒரு பல்லில் மூன்றில் ஒரு பங்குவரை நகர்த்தலாம்.

முதல் வேலை பிஸ்டனின் உச்சிநிலையைக் கண்டுபிடிப்பது. கிராங்க் முனையில் டிகிரி குறித்த தட்டை மாட்டி, வளைத்த கம்பி ஒன்றை முள்ளாக நிறுத்துவார்கள். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிகளுக்கு அசைவே தெரியாமல் நிற்கும் என்பதால் கண்ணை நம்ப முடியாது. பிளக் துளையில் ஒரு தடுப்புத் திருகை இறக்கி, பிஸ்டன் அதை மெதுவாகத் தொடும்வரை ஒருபக்கம் சுற்றி அளவைக் குறிப்பார்கள். எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி குறிப்பார்கள். இரண்டுக்கும் நட்ட நடுவே உச்சி. பிறகு வால்வு தலையில் டயல் கேஜை வைத்து, வால்வு முழுதும் உயர்ந்திருக்கும் இடத்தை இதே நடுவெடுக்கும் முறையில் காண்பார்கள். இன்லெட் கேமின் உச்சி பெரும்பாலான ரேஸ் இஞ்சின்களில் பிஸ்டன் உச்சிக்குப் பின் 100 முதல் 110 டிகிரிக்குள் விழும். அதை முன்னுக்குத் தள்ளினால் நடுவேகத்தில் இழுவை கூடும். பின்னுக்குத் தள்ளினால் உச்ச வேகத்தில் சக்தி கூடும். மேன் தீவின் மலைப்பாதைக்கும் நீண்ட நேர்த்தடத்துக்கும் ஒரே இஞ்சினை இப்படி இரண்டு விதமாக வைக்கலாம்.

அடுத்தது உயிர்காக்கும் சோதனை. பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, வால்வில் எண்ணெய் தடவி, ஹெட்டை முறுக்கிப் பூட்டி, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றுவார்கள். ஹெட்டைத் திறந்தால் களிமண்ணில் வால்வின் தடம் பதிந்திருக்கும். அதை பிளேடால் குறுக்கே அறுத்து மிச்சத் தடிமனை அளந்தால், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். இன்லெட் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர், சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் ட்யூனர் நிம்மதியாகத் தூங்கலாம். குறைந்தால் பிஸ்டனில் பள்ளம் வெட்ட வேண்டும். அரைக்கோள வடிவ ஹெட்டில் வால்வுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நிற்பதால், இரண்டும் திறந்திருக்கும்போது தங்களுக்குள் இடிக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கூடுதலாக உயர்த்தும் கேமில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகலாம். ஸ்பிரிங்கின் மேல்தட்டு வால்வு கைடில் முட்டலாம். பயந்துகொண்டு மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் கேமின் மூக்கு தேய்ந்துவிடும்.

இன்லெட் தாமதமாக மூடும் கேமோடு அழுத்தம் கூடிய பிஸ்டனைச் சேர்ப்பதும் பழைய வழக்கமே. குறைந்த வேகத்தில் கலவையின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுவதால், பிஸ்டனின் உயரத்தைக் கூட்டி அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுவார்கள். கேமை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்ட வண்டிகள், மாற்றுவதற்கு முன் இருந்ததைவிட மெதுவாக ஓடியதும் உண்டு.

சென்னைக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் புல்லட் 1955 முதல் மதராஸில் உருவாகத் தொடங்கி, திருவொற்றியூரில் நிலைகொண்டது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தின் போர்க்கால விமானத் தளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. புல்லட்டில் இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனிக் கேம் சக்கரங்கள். ஒன்றை நகர்த்தாமல் மற்றதை நகர்த்தலாம் என்ற டிரையம்ஃபின் அதே வசதி, அந்தச் சாதுவான இஞ்சினுக்குள்ளும் இருந்தது.

1946-ல் பிரிட்டனில் வின்டேஜ் மோட்டார்சைக்கிள் கிளப் தொடங்கியபின் பழைய வண்டிகளின் ரேஸ் தனித் துறையாக வளர்ந்தது. அசல் கேம்கள் கிடைப்பது அரிதானதால் தேய்ந்தவற்றைப் புதுப்பிக்கும் தொழில் உருவானது. மூக்கில் ஸ்டெல்லைட் போன்ற கடின உலோகத்தைப் பற்றவைத்து நிரப்பி மறுபடி வடிவம் அரைப்பது ஒரு முறை. கேமின் அடிவட்டத்தை அரைத்துச் சிறிதாக்கி அதன்மூலம் உயர்வைக் கூட்டுவது இன்னொரு முறை. இதில் டாப்பெட் கீழே இறங்கிவிடுவதால் நீளமான புஷ்ராட் வேண்டியிருக்கும். முன்பு மூலக் கேம் ஒன்றைத் தொட்டுத் தடவி நகலெடுக்கும் அரவை இயந்திரம் செய்த வேலையை, இன்று கணினி வழி இயங்கும் இயந்திரம் டிகிரிக்கு டிகிரி அளந்து செய்கிறது. மான்க்ஸ் இஞ்சினே முழுக்கப் புதிதாக வார்த்து விற்கப்படுகிறது. அதில் ஓடும் கேம்களில் பல 1950-களின் கேம்களைவிட வால்வை வேகமாகத் திறந்தாலும், இருக்கையில் மென்மையாக உட்கார வைக்கின்றன.

எதிர்பாராத தொல்லை எண்ணெயிலிருந்து வந்தது. தட்டை அடி டாப்பெட்டும் கேமும் உரசும் இடத்தில் தேய்மானத்தைத் தடுப்பது எண்ணெயில் கலந்த துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். நவீன வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் சாதாரண எண்ணெய்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது. பழைய ரேஸ்காரர்கள் அது நிறைந்த எண்ணெயைத் தேடி வாங்குகிறார்கள். புதுக் கேமுக்குப் புது டாப்பெட் கட்டாயம். பழைய டாப்பெட்டின் தேய்மானம் புதுக் கேமைத் தின்றுவிடும். பூட்டும்போது உரசும் முகங்களில் தடித்த பசை தடவி, இஞ்சின் கிளம்பியதும் ஐட்லிங்கில் விடாமல் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டுவார்கள். குறைந்த வேகத்தில் எண்ணெய் கேமுக்குச் சரியாகத் தெறிக்காது. பிறகு எண்ணெயை வடித்து, அதில் மினுக்கும் தூள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, டாப்பெட் இடைவெளியை மறுபடி அளப்பார்கள். இடைவெளி கூடியிருந்தால் கேம் தேயத் தொடங்கிவிட்டது. இஞ்சினை மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.